குறியீடு இரண்டு: நாய்

நீர்மானியின் மூடியைத் திறந்தால்
முதலில் எறும்பு, பிறகு இலக்கம்.
சில வளவுகளில் தேரை.
அரசடியில் ஒரு வீட்டில்
ஏதோவொரு பிள்ளை தொலைத்த ஒற்றைச் சிவப்புச் செருப்பு,
ஆறு மாதமாய் அங்கேயே.

இருபத்திரண்டு வயதில் எனக்குக் கிடைத்த உத்தியோகம்:
குனிவது, வாசிப்பது, அமத்துவது, நிமிர்வது.
கையிலுள்ள கருவி துண்டைத் துப்பும்.
வீட்டுக்காரர் துண்டைப் பார்ப்பார்,
பிறகு என்னைப் பார்ப்பார்,
நான்தான் குடித்து முடித்தேன் என்பதுபோல.

வாசிக்க முடியாவிட்டால் குறியீடு போடலாம்.
ஒன்று, படலை பூட்டு. இரண்டு, நாய்.
மூன்று, மானி பழுது.
ஒன்பதோடு முடிந்துவிடும்
ஒரு வீட்டைப் பற்றிச் சொல்லக்கூடியதெல்லாம்.

தொடக்கத்தில் இலக்கங்கள் எனக்குப் பிடித்திருந்தன.
வாவிக்கரை விடுதி: நானூற்றுப் பன்னிரண்டு.
அதன் நீச்சல் தடாகத்தில் அன்று
ஒரு தென்னோலை மட்டும் நீந்திக்கொண்டிருந்தது.
கட்டாரில் மகன்மார் இருக்கும் மாடிவீடு: அறுபது.
திராய்மடுவில் கடைசி ஒழுங்கை,
புஸ்பமலர் என்ற பெயரில்: இரண்டு.
இரண்டா?
மூன்றை அமத்தினேன்.

பரிசோதகர் றிஸ்மி நானாவோடு திரும்பப் போனபோது
மானி திறமாய் ஓடியது.
"குடிக்க, ஆக்க மட்டும்தான் பைப்புத் தண்ணி தம்பி.
மத்ததுக்கெல்லாம் பக்கத்து வளவுக் கிணறு.
உப்புத்தான். உடம்புக்குப் பழகித்து."
றிஸ்மி நானா படிவத்தில்
'திருப்திகரம்' என்று எழுதினார்.
அது மானியைப் பற்றியது.

மறுகா, சுதாமதி.
எங்கள் கந்தோரைக் கூட்டித் துடைக்க
ஒப்பந்தக்காரர் அனுப்பிய பிள்ளை.
என் வயதுதான் இருக்கும். கேட்டதில்லை.
நாலரைக்குக் குழாயடியில்
ஐந்து பழைய சோடாப் போத்தல்களை நிரப்புவாள்.
காசாளர் ஒருநாள் பகிடி விட்டார்:
"என்ன புள்ள, எங்கட தண்ணிய ஊருக்குக் கடத்துறியா?"
எல்லோரும் சிரித்தோம்.
நான் கொஞ்சம் கூடவே.

மூடியைத் திருகியபடி சொன்னாள்:
"உங்கட தண்ணி எங்கட ஊராலதான் வருது சேர்.
பெரிய குழாய் எங்கட படலைக்கு முன்னால போகுது.
காது வெச்சா இரையும்.
எங்களுக்குக் கிழமைக்கு ரெண்டு தரம் பவுசர்."
குரல் உயரவில்லை.
குளத்தடி ஊருக்குக் கடைசி பஸ் ஐந்தேகாலுக்கு,
அவளுக்கு இருந்த அவசரம் அது மட்டும்தான்.

கல்லடிப் பாலத்தில் காது வைத்தால்
மீன் பாடும் என்பார்கள்.
இத்தனை காலமும் நான்
அதற்குத்தான் காது வைத்திருந்தேன்.

பெரிதாய் ஒன்றும் மாறிவிடவில்லை.
ஞாயிறு, வழக்கம்போல மோட்டார்சைக்கிளைக் கழுவினேன்.
பாதியில் குழாயைப் பூட்டினேன்.
சவர்க்காரம் காய்ந்து
திங்கள் முழுதும் வெள்ளைத் திட்டுகளோடு ஓடித் திரிந்தேன்.
வீட்டிலிருந்து ஒரு போத்தலும் கொண்டுபோனேன்,
ஆறாவதாக இருக்கட்டும் என்று.
நீட்டத் துணிவு வரவில்லை.
மேசை இலாச்சிக்குள் கிடக்கிறது, வெறுமையாய்.

செவ்வாய், புஸ்பமலர் வீட்டில்
சிவப்புத் துண்டு கொடுக்க வேண்டும்.
மூன்று மாத நிலுவை, பெரும்பாலும் நிலைக்கட்டணம்:
தண்ணீர் வரக்கூடும் என்பதற்காக
மாதாமாதம் செலுத்தும் காசு.
துண்டிக்க வரும் ஆட்களுக்கு
என் வாசிப்புத்தான் விலாசம்.

அவர் வாசலுக்கு வந்தார்.
"இருங்க தம்பி, தண்ணி தாறன்" என்று உள்ளே போனார்.
உள்ளே செம்பில் தண்ணீர் விழும் சத்தம்.
மானியின் சிறு சக்கரம் என் கண்முன்னே
கொஞ்சம் சுற்றி நின்றது.

இரண்டை அமத்தினேன்.
கருவி நம்பிக்கொண்டது.
அந்த வளவில் நின்றது ஒரேயொரு பெட்டைக்கோழி.
அடுத்த மாதம் மட்டும்
அது குரைத்துக்கொண்டிருக்கும்.