மூணாறு தலைப்பில் எழுபத்தொன்று

கையின் பின்சதையில் ஒட்டியிருக்கிறது
பத்து ரூபாய்க் காசளவு ஒன்று.
வியர்த்தால் ஓரம் கழன்றுவிடும் என்று
குறுக்காக ஒரு பிளாஸ்திரி.
பத்து நாள் ஆயிற்று, இன்னும் நாலு நாள்தான் உயிர் அதற்கு.
விலையைச் சொன்னால் மாமி
"அரை கிராம் தங்கம் போச்சே" என்பாள்.
சொல்லவில்லை.
முழுக்கைச் சட்டை.

சுபுஹு முடிந்து
வெண்ணாற்றங்கரையில் கிளம்பும்போது
நூற்று அறுபத்திரண்டு.
அம்பு படுத்துக் கிடந்தது.
இரவே ஊசியில் இரண்டு யூனிட் குறைத்திருந்தேன்.
இதுவும் முறைப்பாசனம்தான்,
எந்த மதகை எப்போது, எத்தனை அங்குலம்.
ஆனால் எனக்கு
அட்டவணை போட்டுத்தர ஆபீஸ் கிடையாது.

இரண்டாவது கிலோமீட்டர், நூற்று முப்பது.
அம்பு சாய்கிறது.
மூன்றாவதில் நூற்றெட்டு.
கால்கள் நன்றாகத்தான் இருக்கின்றன.
எதிரே வாத்துக்காரர்
முந்நூறு வாத்துகளைக் கரையேற்றிக்கொண்டு.
வழி விடவில்லை ஒன்றும்.
நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தேன்.

தலைப்புக்கு வந்ததும்
சட்டைப்பையில் அலறல்.
எழுபத்தொன்று.
அம்பு நேர் கீழே.

அலறல் அடங்கவில்லை, அதற்குள் தமீம்.
ஷார்ஜாவில் இன்னும் விடியவில்லை,
கிடங்கில் அவன் காவலும் முடியவில்லை.
என் ரத்தம் அவன் போனிலும் ஓடுகிறது.
"லாத்தா, உக்காரு."
சலாம் இல்லை, சாப்பிட்டியா இல்லை.
முன்பெல்லாம் வெள்ளிக்கு வெள்ளி பேசுவான்,
இப்போது நான் இறங்கினால்தான் வருகிறான்.
"உக்காந்துட்டேன்" என்றேன், நின்றுகொண்டு.
"பொய். மூச்சு மேலேருந்து வருது."

உட்கார்ந்தேன்.
குளுக்கோஸ் பொட்டலத்தைப் பிரிக்க
விரல்கள் எனக்குச் சொந்தமாக இல்லை.
பாதி வாயில், பாதி சிமெண்டில்.
நாக்கில் குளிர்ந்து கரைந்தது.

ஷட்டர் மேடையில் லஸ்கர்
ஒரு கையில் துறட்டி, நுனியில் ஆகாயத்தாமரை,
தோளுக்கும் காதுக்கும் நடுவே போன்.
"திறந்தாச்சுங்க. விடிகாலையிலயே திறந்தாச்சு."
தமீம் என் காதில்:
"அறுபத்தாறு. இன்னும் இறங்குதே!"
"போட்டாச்சுடா, போட்டாச்சு."
லஸ்கர்: "கோரையாத்துல விட்டா
ஒடனே ஒங்க வயல்ல வந்து நிக்குமா?"
தமீம்: "அறுபத்திரண்டு!"
லஸ்கர்: "என்னைத் திட்டி என்னங்க பண்றது,
தண்ணி நடந்துதான வரணும்."

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு.
தமீம் பயந்துபோனான்,
சர்க்கரை இறங்கினால் காரணமில்லாமல் சிரிப்பேன்
என்று எங்கோ படித்திருக்கிறான்.

விரலைக் குத்திப் பார்த்தேன்.
எண்பத்து நாலு.
கைக்குள் இருக்கும் கம்பிக்கு
இந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை.
அது கடைமடை.
அங்கே காய்ந்துகிடக்கும் வரைக்கும்
ஷார்ஜாவில் ஒருத்தன்
உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருப்பான்.

இரண்டு பேரும் லைனிலேயே இருந்தோம்,
பேசாமல்.
அவன் எண்ணைப் பார்த்துக்கொண்டு,
நான் தண்ணீர் மூன்றாகப் பிரிவதை.

அம்பு படுத்ததும்
"சரி, வைக்கிறேன்" என்று வைத்துவிட்டான்.

சிமெண்டில் சிந்தியதற்கு
எறும்புகள் வந்துவிட்டன.
அவற்றுக்கு யாரும் அலாரம் அடிக்கவில்லை.

திரும்பும்போது ஓடவில்லை.
நாளைக்கு மூன்று யூனிட் குறைத்துப் பார்க்க வேண்டும்.
இல்லையென்றால்
வாத்துகளுக்கு முன்னால் கிளம்ப வேண்டும்.