சத்தம் போடாத பெட்டி

பியூலா பிறந்த அன்று
கண்டிவலியில் ஏசி மாட்டிக்கொண்டிருந்தேன்.
ராத்திரி வந்து பார்த்தேன், தூங்கினாள்.
மறுநாள் பார்த்தேன், தூங்கினாள்.
யார் தூக்கினாலும் அதே சிரிப்பு.
"தங்கமான பிள்ளை, உங்க ஒத்தாசை ஒண்ணும் வேண்டாம்"
என்றாள் கிரேஸி.
தங்கத்தைப் பூட்டிவைத்துவிட்டுப் போகிறவன்போல
ஆறு வருஷம் வேலைக்குப் போய்வந்தேன்.

பிறகு ஆல்வின்.
அவன் அழுத அழுகைக்கு
பக்கத்து அறை சாவந்த் பாபி
உப்பும் மிளகாயும் சுற்றிப்போட வந்தாள்.
சட்டை லேபிள் உறுத்தினால் அழுகை.
குக்கர் விசிலடித்தால் அழுகை.
தோசை நடுவில் கிழிந்துவிட்டால்
ஒட்டித் தரச்சொல்லி அழுகை.

கிரேஸிக்குக் கை ஓய்ந்த ஒரு ராத்திரி
என் தோளில் போட்டாள்.
கால் போன போக்கில் போனேன்,
ஜிடிபி நகர் ஸ்டேஷன் மேம்பாலம்.
கீழே பன்வேல் லோக்கல் தடதடத்தது.
குக்கருக்கு அலறுகிறவன்
அந்த இரைச்சலில் கண் சொருகினான்.

அன்றிலிருந்து எனக்கு இரண்டாவது ஷிப்ட்.
மழையில் குடைக்குள் இரண்டு பேர்,
அவன் எச்சில் என் காலரில் காயும்.
பிளேடால் லேபிள் பிரிக்கப் பழகினேன்.
தோசையைக் கிழியாமல் திருப்பப் பழகினேன்.
அவன் அழுகை ஏழு வகை.
பசிக்கும் பயத்துக்கும் நடுவே ஒன்று உண்டு,
பெயர் கிடையாது, எனக்குத் தெரியும்.
"ஆல்வின் கா பப்பா" என்று சாலில் கூப்பிட்டார்கள்.
பெருமையில்லை என்று சொல்லிக்கொண்டேன்.
இருந்தது.

போன செவ்வாய்க்கிழமை
அவனைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால்
வாசலில் பியூலா,
செருப்பு மாட்டி, குடையோடு.
"எங்கே?"
"பாலத்துக்கு."
"தூக்கம் வரலையா?"
"எனக்கு எப்பவும் லேட்டாத்தான்பா வரும்.
சத்தம் போடாம படுத்திருப்பேன்."

நான் ஃப்ரிட்ஜும் பார்க்கிறவன்.
உறுமுகிற பெட்டிக்கு அன்றைக்கே போன் வரும்,
அன்றைக்கே திறப்பேன்.
சத்தமில்லாமல் கேஸ் கசிகிற பெட்டிக்கு
பால் திரிந்த பிறகுதான் கூப்பிடுவார்கள்.

பாலத்தில் மூன்று பேர் நின்றோம்.
வண்டி வந்தது.
ஆல்வின் தலை என் தோளில் சாய்ந்தது.
பியூலா குடையைக் கீழே போட்டு
இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்,
சிரித்தபடியே.
"பயமா?"
"இல்லை."

அந்த இல்லை எந்த வகை?
எட்டு வருஷ அப்பன் எனக்குத் தெரியவில்லை.
அடுத்த வண்டிக்குப் பன்னிரண்டு நிமிஷம்.
ஈரப் படியில் கைக்குட்டையை விரித்து
அவளை உட்காரவைத்து
மறுபடி கேட்டேன்.