ஒரு சாண்

ஒட்டுசுட்டான் ஆஸ்பத்திரியில்
ஜெனிற்றா மிஸ் ஒரு தாளைத் தந்தாள்.
ஆறு வரி. கடைசி வரியில் மை கலங்கியிருந்தது.
குளிசை தருவாள் என்றுதான் போயிருந்தேன்.

பின்னேரம் ஐந்துக்குப் பிறகு தேத்தண்ணி வேண்டாம்.
சரி.
போனைத் தள்ளி வையுங்கோ.
அரிசி வாளிக்குள் போட்டு மூடினேன்.
ஒன்பது மணிக்கு மேல் கடன்காரர்
அரிசியோடு கதைக்கட்டும்.

ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் படுங்கோ.
மிஸ், வாய்க்காலில் எங்களுக்குத் தண்ணி முறை
செவ்வாயும் வெள்ளியும், இரவு இரண்டு மணி.
சிரித்தாள்.
மற்ற ஐந்து நாளும் படுங்கோ என்றாள்.

கட்டிலை நித்திரைக்கு மட்டும் பாவியுங்கோ.
வீட்டுத்திட்டத்து வீடு, ஒரு கட்டில்.
டிலக்சனா கணக்குச் செய்வதும் அதில்தான்,
கச்சான் உடைப்பதும்,
மாதர் சங்கத்துச் சீட்டுக்காசு எண்ணுவதும்.
என்றாலும் எட்டரைக்கு
கோதையெல்லாம் வாரிக் கொட்டி
வெளுத்த பச்சைச் சீலையை விரிப்பேன்.
அது விரிந்த பிறகு
கணக்குக் கொப்பிக்கு அங்கே இடமில்லை.

இளஞ்சூட்டுத் தண்ணியில் கால் கழுவுங்கோ.
இது எனக்குப் பிடித்த வரி.
நகக்கண்ணில் காய்ந்த வயற்சேறு
மெல்ல மெல்லக் கரைந்து வரும்.
ஒருநாள் கேட்காமலே நகுலேசும் பக்கத்தில் குந்தி
பேசினுக்குள் காலை விட்டார்.
இடது கால்.
மற்றது, பகலெல்லாம் நடந்த களைப்பில்,
கழன்று சுவரோடு சாய்ந்து நின்றது.

மை கலங்கிய வரி:
மனசைக் கிளறும் பொருளைத்
தலைமாட்டில் வைக்காதேயுங்கோ.

அதை நான் அவளுக்குச் சொல்லவேயில்லை.
தலையணைக்குக் கீழே ஒரு நீலப் பை.
அடையாள அட்டை, காணிப் பெர்மிட்,
பிறப்புப் பத்திரம் மூன்று
(கட்டிலில் படுக்கும் பிள்ளை ஒன்று),
பொலித்தீனில் இரண்டு சுற்று.
பையின் வார் என் மணிக்கட்டில்.

முதல் இரவு அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.
பூட்டிய கை நித்திரை கொள்ளவில்லை.
ஒரு மணிக்கு எழும்பிப் போய்
எடுத்து வந்தேன்.

அடுத்த இரவு, ஒரு சாண்.
தலையணையிலிருந்து கட்டில் விளிம்பு.
பிறகு தரை.
பிறகு தரையில் இன்னொரு சாண்.
கால் கழுவி, சீலை விரித்து,
போனுக்கு மேல் மூடியை அமத்தி,
பையை ஒரு சாண் தள்ளி, லைட்டை நூர்ப்பேன்.
இருட்டில் கையை நீட்டிப் பார்ப்பேன்.
இரண்டு மூன்று நாள் நுனிவிரல் பட்டது.
பிறகு வெறும் சீமெந்து.
குளிர்மை.
அந்தக் குளிர்மையில் கை வைத்தபடி
எப்போது கண்ணயர்ந்தேன் என்று
விடியத்தான் யோசித்தேன்.

மாசியில் யானை வந்தது.
அயலுக்குள் வெடி கொளுத்தினார்கள்.
முதல் வெடிக்கே
பை தோளில், பிள்ளை இடுப்பில்,
நான் முற்றத்தில்.
"அம்மா, இறக்கி விடுங்கோ,"
பதினைந்து வயசுப் பிள்ளை சொல்லுது.
அவளின் கால் நிலத்தில் இழுபட்டுக்கொண்டிருந்தது.
கதவு நிலையைப் பிடித்து ஒற்றைக்காலில் நின்றவர்
"இஞ்சேரப்பா, யானைதான்,
யானைதான்" என்றார்.
தனக்கும் சேர்த்துச் சொன்ன மாதிரி இருந்தது.

அன்றிரவு பை தலையணைக்கே திரும்பியது.
தள்ளிய சாணெல்லாம் ஒரே வெடியில் போச்சு.
வெட்கமாயிருந்தது. அழவில்லை.
அடுத்த இரவு தண்ணி சூடாக்கினேன்.
கட்டில் விளிம்பு வரை.

கிளினிக்கில் மிஸ் கேட்டாள்:
எத்தனை மணித்தியாலம் நித்திரை வருது?
பதினொரு சாண் என்றேன்.
பேனையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு
கட்டத்துக்குள் எதையோ எழுதினாள்.

இப்போது பை
சுவரோடு சாய்ந்த காலுக்குப் பக்கத்தில்.
அலுமாரிக்கு இன்னும் கொஞ்சத் தூரம் இருக்கு.
அவசரமில்லை.
நாளைக்கு வெள்ளி,
தண்ணி முறை.