பிரதியிடல்

சீட்டில் கிலோ விலை எழுதக் கூடாது,
தொகை மட்டும் போதும் என்பது கம்பெனி உத்தரவு.
குந்துகால் கரையில் பதினோரு வருஷமாய்
நான்தான் நிறுக்கிறேன், நான்தான் எழுதுகிறேன்.

கச்சான் ஓய்ந்த மதியம்
மூன்று சீட்டோடு வந்தாள் மிக்கேலம்மாள்.
புருஷன் திரும்பாத மாசத்திலிருந்து
வத்தையில் அவன் இடத்தில் அவள்.
என் காதில் செருகியிருந்த பேனாவை
கேட்காமலே எடுத்துக்கொண்டு
ஐஸ் பெட்டி மூடியைக் கவிழ்த்துப் போட்டாள்.

"பெலவேந்திரனுக்கு மூணு கிலோ நண்டு, ரெண்டு கணவாய்.
ரெண்டாயிரத்து நூறு குடுத்திருக்க.
சவேரியானுக்கு ஒரு நண்டு, நாலு கணவாய்.
ஆயிரத்து எழுநூறு.
எடையெல்லாம் சந்தியாகு கடைத் தராசுல போட்டது."

நண்டுக்கு ந, கணவாய்க்கு க.
ஒன்பதாம் வகுப்போடு நின்றவள்.
தகப்பன் வயசு மகன் வயசைப்போல் மூணு மடங்கு என்று
யாருக்கும் உதவாத கணக்கு போட்ட கை
இப்போது தெர்மாகோலைக் கீறுகிறது.

ஆயிரத்து எழுநூறில் நாலு க போனால் மீதி ந.
அந்த மீதியைத் தூக்கி
முதல் சீட்டில் ந இருந்த இடத்தில் வைத்தாள்,
ஆள் மாற்றி உட்கார வைப்பதுபோல.
மூன்றால் பெருக்கினாள். க-க்கள் ஒன்றையொன்று தின்றன.
பத்து க மூவாயிரம்.
கணவாய் முந்நூறு.
அப்படியானால் நண்டு ஐந்நூறு.

கம்பெனி மூடி வைத்த விலை
மீன் தண்ணீர் சொட்டும் மூடியில்
வெயில் காய்ந்தது.

"எனக்கு ரெண்டு நண்டு, மூணு கணவாய்.
ஆயிரத்துத் தொள்ளாயிரம் வரணும்.
நீ எழுதுனது ஆயிரத்து அறுநூத்தம்பது.
அரைக்கிலோ நண்டு எந்தப் பக்கமாய் நடந்து போச்சு?"

தட்டுக்கு அடியில் முட்டுக்கொடுத்த
என் கட்டைவிரலை அவள் பார்த்ததேயில்லை.
பார்க்காமலே கண்டுபிடித்துவிட்டாள்,
எடையோடு.
பெலவேந்திரன் சங்கத்தில் பேசுகிற ஆள்,
சவேரியானின் மச்சான் போலீஸ்;
அந்தச் சீட்டுகளில் விரல் கிடையாது.

இருநூற்றைம்பதை என் பையிலிருந்து கொடுத்தேன்.
இரண்டு தரம் எண்ணினாள்.
பேனாவைத் திரும்ப என் காதிலேயே செருகிவிட்டுப் போனாள்.

இரவு நானும் போட்டுப் பார்த்தேன்.
எத்தனை பேர் என்பதற்கு ஓர் எழுத்து.
எவ்வளவு என்பதற்கு இன்னோர் எழுத்து.
சமன்பாடு எழுதச் சீட்டு வேண்டும்.
சீட்டெல்லாம் அவரவர் வீட்டில்,
பைபிளுக்குள்ளோ அரிசி டின்னுக்குள்ளோ.

விடியலில் தராசைத் துடைத்து நிமிர்ந்தால்
ஈரச் சேலையோடு ஏழெட்டுப் பெண்கள்.
முன்னால் நிற்பவள்
என் காதையே பார்க்கிறாள்.