மூன்று விரல் ஜி

குவைத்திலிருந்து வந்த நாலு பெட்டிகள்
அறிவியல் ஆய்வக மேசையில்
பல்லி ஊறும் கண்ணாடிக் குப்பிகளுக்கு நடுவே
வாய் பிளந்து கிடந்தன.
ஆல்டோ இரண்டு. டெனர் ஒன்று.
நாலாவது பாரிட்டோன். அதைத்
தூக்கிப் பார்த்துவிட்டு ஷிஜின்
பந்திக் குட்டுவத்தை இறக்குவதுபோல்
திரும்ப இறக்கி வைத்தான்.

ரசலையன் மாஸ்டருக்கு ஐந்தேகாலுக்கு
நெய்யாற்றின்கரை வண்டி.
"வேகம் எடுங்க பிள்ளேளே,
கல்யாணச் சேலையா எடுக்குதீங்க?"

எல்லாருக்கும் ஆல்டோ வேண்டும்.
எனக்கும்தான்.
பாட்டு அதில்தான் வருமென்று
ஒன்பதாம் வகுப்பு முழுக்கத் தெரியும்.
கிறிஸ்துமஸ் ரவுண்டில் முன்வரிசை ஆல்டோவுக்கு,
வீட்டுக்காரர் கேக் தட்டை நீட்டுவதும்
முன்வரிசைக்கு.

என் முறை வந்தபோது
ஒரு ரீடில் ஷிஜின் எச்சில், அபிஷா எச்சில்.
இன்னொன்றில்
ஜலதோஷம் பிடித்த ரியாஸ்.
அவ்வளவுதான் காரணம்.
வேறு காரணம் வேண்டுமென்றால்
இனிமேல் கண்டுபிடித்துத்தான் சொல்ல வேண்டும்.

டெனரை மாட்டினேன்.
பட்டை கழுத்தை இழுத்தது,
வளைந்த குழல் இடுப்பில் இடித்தது.
இடது கையில் மூன்று விரல் மூடி
கண்ணையும் மூடி ஊதினேன்.

முதலில் காற்று மட்டும்.
அப்புறம் ஒரு ஆட்டுக்குட்டி.
அப்புறம்,
களியக்காவிளை ஸ்டாண்டில் எஞ்சினை அணைக்காமல்
டிரைவர் டீ குடிக்கப் போன பஸ்ஸில்
சன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்தால்
பல்லுக்குள் ஒரு நடுக்கம் வருமே,
அது. நெஞ்செலும்பில்.

"ஜி" என்றார் மாஸ்டர்.
அதே மூன்று விரலை அபிஷா ஆல்டோவில் மூடினாள்.
அதுவும் ஜியாம்.
அவளுடையது ஓட்டுக்கு மேலே போனது,
என்னுடையது பெஞ்சுக்கடியில்.
மாஸ்டர் ஆர்மோனியத்தில் தொட்டுக் காட்டினார்:
அவள் ஜி இங்கே பி ஃபிளாட்,
என் ஜி எஃப்.
"அப்போ எது சார் ஒரிஜினல் ஜி?"
ரியாஸ் கேட்டான்.
மாஸ்டர் மணி பார்த்தார்.

எனக்கு இது புதிதில்லை.
வீட்டில் வெள்ளம் கேட்டால்
அம்மா செம்பில் தருவாள்.
தமிழ்த் தேர்வில் வெள்ளம் என்றால்
ஆடு மாடு மிதக்க வேண்டும்.
பாறசாலைச் சித்தியிடம் பட்டி என்றால் குரைக்கும்,
உசிலம்பட்டிக் கணக்கு டீச்சருக்கு
அது சொந்த ஊரில் பாதி.

அண்டி ஆபீஸிலிருந்து வந்த அம்மா
தோட்டுப்பால் கறுத்த விரலால்
பெட்டியைத் தட்டிப் பார்த்தாள்.
"சின்னது இல்லியாட்டீ?"
"இருந்து."
"அதுக்கும் இதுக்கும் ஒரே மார்க்கா?"
"ஒரே மார்க்கு."
"பின்ன என்னத்துக்குச் செமக்குத?"
எச்சில் என்றேன்.
அது அவளுக்குச் சரியாகப் பட்டது.

டிசம்பரில் பாலராமபுரத்தில் போட்டி.
பறவைக் காய்ச்சல் நேரம்.
செக்போஸ்ட்டில் வேனை நிறுத்தி
என் பெட்டியை மட்டும் திறக்கச் சொன்னார்கள்.
தாராளமாக ஆறு கோழி அடங்கும்.
"எந்தா இது?"
"டெனர்."
"ஒண்ணு ஊதிக்கே."
ரோட்டில் நின்று மூன்று விரல் மூடினேன்.
வாழைக்குலை லாரி ஒன்று ஹாரன் அடித்தது,
எஃப்பா ஜியா தெரியவில்லை.
போலீஸ்காரர் தலையாட்டி
கோழி இல்லை என்று எழுதிக்கொண்டார்.

மேடையில் பாட்டு அபிஷாவிடம் இருந்தது.
எனக்கு நாலு எண்ணிக்கைக்கு ஒரே சுரம்,
மூச்சு,
இன்னும் நாலு.
மூன்றாம் வரிசை.
கேக் தட்டு எட்டாத தூரம்.

கூட்டத்தில் இருந்த அம்மா
என்னைப் பாட்டுக்குள் தேடினாளாம், இல்லையாம்.
பிளாஸ்டிக் நாற்காலிக் கைப்பிடியில்
கிறுகிறுவென்று என்னமோ ஓடியதாம்.
பக்கத்து ஆள் காலாட்டுகிறான் என்று
ரெண்டு தடவை முறைத்தாளாம்.