ஐந்து பேருக்கான காற்று

ஓட்டுநர் கதவைத் திறந்தால் இடுப்பளவில் ஒரு ஸ்டிக்கர்.
மூன்று பேர் வரை இரண்டு புள்ளி இரண்டு.
ஐந்து பேரும் பெட்டிகளும் என்றால்
இரண்டு புள்ளி ஆறு.
பதினோரு வருஷமாக ஓட்டும் காரில்
இரண்டாவது வரியை
அன்றுதான் படித்தேன்.

சாட்ஸ்வொர்த் இன்னும் விடியவில்லை.
டயர் சூடேறுமுன் அளக்க வேண்டுமென்று
முதல் திருப்பத்துப் பெட்ரோல் பங்கிலேயே நிறுத்தினேன்.
"எவ்வளவு, ஆன்ட்டி?" என்றான் சாண்டிலே
காற்றுக்குழாயைத் தோளில் போட்டபடி.
பின்சீட்டைப் பார்த்தான், டிக்கியைப் பார்த்தான்,
பின்பக்கம் தாழ்ந்து உட்கார்ந்திருந்த காரைப் பார்த்தான்.
"ரொம்ப தூரமோ?"
ஜோஹானஸ்பர்க் விமான நிலையம் வரை என்றேன்.
பெர்த் என்று சொல்ல வாய் வரவில்லை.

தங்கை கோகிலம், அவள் புருஷன் ரூபன்,
தேஷன், கெருஷா, நான்.
ஏழு பெட்டி.
உள்ளூர் விமானத்தில் இத்தனைக்கும் தண்டம் கட்டுவதற்கு
பெட்ரோல் மலிவு. ரூபன் போட்ட கணக்கு.

கெருஷா தூக்கக் கலக்கத்தோடு இறங்கி வந்து
நான்கு வால்வு மூடிகளையும்
உள்ளங்கையில் வாங்கி வைத்துக்கொண்டாள்,
உத்தியோகம் கிடைத்தவள் மாதிரி.
டயர்கள் ஒவ்வொன்றாய் நிமிர்ந்தன.
உப்பும் எண்ணெய் ஆலை வாடையும் கலந்த எங்கள் ஊர்க் காற்று
ஐந்து பேர் அளவுக்கு உள்ளே போயிற்று.

வான் ரீனன் கணவாயில்
லாரிகள் முன்னால் முக்கிக்கொண்டு ஏறும்போது
கோகிலம் சொன்னாள்:
"அங்கே காற்றடிக்க ஆள் கிடையாதாம்.
நாமே இறங்கணுமாம்."
போகிற நாட்டைப் பற்றி
அவள் சொன்ன குறை அது ஒன்றுதான்.

விமான நிலையத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.
பார்க்கிங் எண்பத்திரண்டு ராண்ட்.

திரும்பும் வழியில் வெறும் வண்டி
சின்னப் பள்ளத்துக்கெல்லாம் துள்ளியது.
பாரத்துக்கென்று அடைத்த காற்று
பாரம் இறங்கிய பின் முதுகெலும்பில் தட்டும்.
ஹாரிஸ்மித்தில் இரவு தங்கினேன்.
காலையில் கண்ணாடியெல்லாம் உறைபனி.
பக்கத்துப் பங்கில் கேஜை வைத்தால்
இரண்டரை காட்டியது.
குளிர் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டது;
உயரம் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தது.
வெளியே காற்று மெலிந்த ஊரில்
உள்ளே இருப்பது
இருப்பதைவிடக் கூடத்தான் காட்டும்.

பங்கில் இருந்த பெண்ணின் நெஞ்சுப் பட்டியில் பலேசா என்றிருந்தது.
"எத்தனை பேர்?"
சுற்றிப் பார்த்துவிட்டு, ஒருத்தி என்றேன்.
இரண்டு புள்ளி இரண்டு.

வால்வை அழுத்தினாள்.
டர்பன் காற்று ஸ்ஸ்ஸென்று உறைபனிக்குள் இறங்கியது.
குனிந்து முகத்தைக் காட்டினேன்,
உப்பு இருக்கும் என்று நினைத்தேனோ என்னவோ.
ரப்பர் வாடைதான் அடித்தது.
பலேசா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.
"இடது பின் டயருக்கு மூடி இல்லை" என்றாள்.

சனிக்கிழமை பெர்த்திலிருந்து செய்தி:
பெரியம்மா, கறுப்பு மூடி ஒண்ணு என் ஜாக்கெட் பையில்.
வைத்துக்கொள் என்று எழுதினேன்.
கடையில் நான்கு மூடி பதினைந்து ராண்ட்,
ஒன்றாகத் தரமாட்டானாம்.

என் சொந்த கேஜில் பார் என்று அச்சடித்திருக்கிறது.
அளவின் பெயர்தான்.
எனக்குக் கட்டளையாகக் கேட்கும்.
திங்கள்கிழமை வேலைக்குக் கிளம்புமுன்
வாசலில் மண்டியிட்டுப் பார்த்தேன்.
வெயிலில்லை, வண்டி நகரவில்லை, டயர் குளிர்ந்திருந்தது.
இரண்டு புள்ளி மூன்று.
நாலு டயரும்.

கடல்மட்டத்துக்கு இறங்கி வந்த வழியில்
எங்கோ சேர்ந்த
யாரும் அடைக்காத பத்தில் ஒரு பங்கு.
ஒரு நொடி அழுத்தினால் போய்விடும்.

கேஜை டப்பாவில் போட்டு
கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு
கதவைச் சாத்தினேன்.