இரண்டு விரற்கடை

ராயக்கோட்டை மேம்பாலத்துக்குக் கீழே
கடை ஷட்டரைப் பாதிதான் ஏற்றியிருந்தேன்.
வண்டிக்கு முன்னால் வாசனை வந்தது:
தீய்ந்த எண்ணெய், கொஞ்சம் வறுத்த சோளம்.

பெங்களூரில் யாரோ ஓட்டிச் சலித்த ஆல்வீல்.
கே.ஏ. பதிவெண் இன்னும் மாறவில்லை.
பின்சீட்டை மடித்து, ஈரம் காயாத ஒட்டுமாங்கன்றுகள்.
இறங்கியவர் சந்தூர் நர்சரி தீர்த்தகிரி.
"திரும்பறப்ப முனகுது தம்பி.
டோல்கேட்ல வளைச்சு நிறுத்தறப்ப
யாரோ பின்னாலருந்து புடிச்சு இழுக்கறாப்புல."

குனிந்து படித்தேன்.
முன்னே: இருநூற்று இருபத்தைந்து, அறுபத்தைந்து, பதினேழு.
பின்னே: இருநூற்று முப்பத்தைந்து, அறுபது, பதினேழு.
அகலமானதுதான் பெரியது என்று
எல்லோரும் நினைப்பார்கள்.
இல்லை. பின்னதுதான் குள்ளம்.

வாயால் சொன்னால் வியாபாரப் பேச்சு என்பார்கள்.
நாலுக்கும் காற்று பார்த்து,
முன்னொன்று பின்னொன்று, டயரின் அடியில்
சாக்பீஸ் கோடு போட்டு
நியூட்ரலில் தள்ளினோம்,
அவரும் நானும் டீ கொண்டுவந்த பையனும்.
ஒரே ஒரு சுற்று.
பின்சக்கரத்தின் கோடு தரையைத் தொட்டுவிட்டது.
முன்சக்கரத்துக்கு இன்னும் பாக்கி
இரண்டு விரற்கடை.

"இம்புட்டுத்தானா?"

இவ்வளவுதான்.
கிலோமீட்டருக்கு ஆறு சுற்று.
தேன்கனிக்கோட்டை தாண்டி அஞ்செட்டி போய்ச் சேர்வதற்குள்
நானூறுக்கு மேல்.
தனித்தனியாக ஓடும் சக்கரமென்றால்
யார் கேட்கப்போகிறார்கள்.
இதில் நடுவே ஒரு தண்டு, தண்டின் முனையில் ஒரு டப்பா,
டப்பாவுக்குள் தட்டோடு தட்டு உரசி
முன்னதன் கணக்கையும் பின்னதன் கணக்கையும்
நேர்செய்துகொண்டே இருக்கும்,
காலி ரோட்டில், நேராகப் போகும்போதும்கூட,
எண்ணெய் கறுக்கும்வரை.

அதற்குமேல் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.
ஒரு கன்றைத் தூக்கி
ஒட்டு முடிச்சை நகத்தால் காட்டினார்.
"வேர்ச்செடி பென்சில் கனம்னா
குச்சியும் பென்சில் கனம் இருக்கணும்.
இல்லேன்னாலும் தழையும், ரெண்டு எல விடும்.
மூணாம் மாசம் கருகிரும்."
பிறகு, "எந்தப் பாவி மாட்டுனானோ."

ஆர்.சி. நகல், உர ரசீது, பழனி விபூதிப் பொட்டலம்,
அதற்கடியில் நாலாய் மடித்த சீட்டு.
"கண்ணாடி கொண்டாரல. நீயே படி."

என் கையெழுத்து.

சித்திரை கடைசி ஞாயிறு.
கூழ் ஃபேக்டரிக்கு மாங்காய் லாரிகள்
பாலம்வரை வரிசை கட்டி நின்ற நாள்.
அறுபத்தைந்து ஸ்டாக் இல்லை.
வண்டியோடு வந்தவன் யாரோ டிரைவர்ப் பையன்.
அட்ஜஸ்ட் ஆயிடும் என்று சொன்னேன்.
எது அட்ஜஸ்ட் ஆகும் என்று
அவனும் கேட்கவில்லை.
பில் வேண்டாமென்றான்,
வெறும் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.

"கடை பேர் போடலீங்க" என்றேன்.
அது பொய் இல்லை.

பின்னிரண்டும் கழற்றினேன்.
முன்னதன் அளவிலேயே, அதே கம்பெனியில்,
அசல் விலைக்குப் போட்டேன்.
டப்பா எண்ணெயை வடித்தபோது
காபி டிகாக்ஷன் நிறத்தில் இறங்கியது,
அடியில் மினுமினுவென்று இரும்புத் தூள்.
"தாங்குமா?"
"ஓட்டிப் பாருங்க" என்றேன்,
முகத்தைப் பாராமல், ஜாக்கை இறக்கியபடி.

"நல்ல மனுசன்யா நீ.
இந்தக் காலத்துல எவன் அசலுக்குக் குடுக்கறான்?"
போகும்போது இரண்டு செந்தூராக் கன்றுகளை
வேண்டாம் என்றும் கேட்காமல் வைத்துவிட்டுப் போனார்.

கம்ப்ரஸர் பக்கத்தில் நிற்கின்றன.
ஒட்டு முடிச்சைத் தடவிப் பார்த்தேன்,
மேலும் கீழும் ஒரே கனம்.

கடை சாத்துமுன் தரையில் தண்ணீர் விட்டு
இரண்டு கோடுகளையும் தேய்த்தேன்.
ஒன்று போய்விட்டது.